இடம் மாறிய ஒரு வாக்கியம்

மகளே,

நீ விடுதியில் சேர்ந்து ஒன்பது நாள் ஆகிறது. இப்படி எழுதும் முதல் கடிதத்தில் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று கேட்பதுதான் முறை. அதையெல்லாம் அப்பா தன் கடிதத்தில் கேட்டிருப்பார். நான் சொல்ல வேண்டியது வேறு. ஒன்பது வருடமாக உன்னிடம் ஒரு பொய் சொல்லி வந்திருக்கிறேன். வாயைத் திறந்து சொல்லவில்லை. பேசாமல் இருந்தே சொன்னேன். உன் கை ராசியில்லாத கை என்று நம் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அது எந்த நாளில் கிளம்பியது என்று உனக்கே தெரியும். யாரால் கிளம்பியது என்பது உனக்குத் தெரியாது. அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டு மாட்டு வைத்தியம் படிக்கப் போயிருக்கிறாய். அங்கே நீ முதல் மாட்டைத் தொடுவதற்கு முன் இந்தக் கடிதம் உன் கையில் இருக்க வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

எனக்கு முப்பத்தெட்டு வயதாகிறது. அறிவுரை சொல்லிக் கடிதம் எழுதும் அளவுக்கு நரைக்கவில்லை. என்னைப் பற்றி அதிகம் பேசுகிறவளும் இல்லை என்று உனக்குத் தெரியும். நூலகப் புத்தகத்தைக்கூட அட்டை தெரியாமல் செய்தித்தாள் சுற்றிப் படிக்கிறவள். ஆனால் மறைத்து வைத்தது என்னுடையது, விலை கொடுத்தது நீ என்று ஆகிவிட்டபோது, எனக்கு மட்டும் சொந்தமான விஷயம் என்று அதைப் பூட்டி வைக்க எனக்கு உரிமை இல்லை.

மதுரையில் பி.யூ.சி. முடித்த கோடையிலேயே எனக்குக் கல்யாணம். பதினெட்டு வயதில் இந்த வீட்டுக்கு வந்தேன். நெல்லும் வாழையும் மாடுமாக இருந்த வீடு. கணவரை இழந்து திரும்பி வந்த உன் அத்தைதான் சாவிக்கொத்தை இடுப்பில் செருகி எல்லாவற்றையும் நடத்தினார். நான் படித்தவள் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் எரிச்சலும் உண்டு. நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம், தபால் வழியாகவே பி.ஏ. படிக்கலாம் என்று நூலகத்தில் ஒரு விளம்பரம் பார்த்தேன். உன் அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டே, "படியேன். தபால்காரர் நம்ம தெருவுக்கு வர ஒரு காரணம் கெடைச்ச மாதிரி இருக்கும்" என்றார். அவ்வளவுதான் அவர் அனுமதி. மாதம் ஒரு கட்டாகப் பாடங்கள் வந்தன. மாவு அரைக்கும்போது ஒரு பக்கம், மாடு கறக்கக் காத்திருக்கும்போது ஒரு பக்கம் என்று மூன்று வருடம் படித்தேன். மூன்று வருடத்துக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரே தேர்வு, மதுரையில். அங்கே சொந்தக்காரர் வீட்டில் பத்து நாள் தங்க வேண்டும். உனக்கு அப்போது எட்டு வயது, மூன்றாம் வகுப்பு.

தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது உன் அத்தை பூக்கட்டிப் பார்க்க வேண்டும் என்றார். அது எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை உன் பட்டணத்துத் தோழிகளும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். ஒரு காரியத்தில் இறங்கலாமா வேண்டாமா என்று தெரியாவிட்டால், ஒரு இலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூவும் இன்னொன்றில் சிவப்புப் பூவும் கட்டிச் சாமி முன் வைப்பார்கள். விவரம் தெரியாத பிள்ளை ஒன்று ஏதாவது ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் இறங்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. நம் பக்கத்தில் பெண் கொடுப்பதும் கிணறு வெட்டுவதும் இப்படித்தான் முடிவாகும்.

"ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போனா என்ன கொறஞ்சா போகுது?" என்றார் அத்தை. "வெள்ளப் பூ வந்தா நானே ஒன்னய பஸ்ஸேத்தி விடுறேன். செவப்பு வந்துச்சுன்னா பேசாம வீட்டுல கெட. பத்து நாளு பச்சப்புள்ளைய விட்டுட்டு அங்கன போயி என்னத்த எழுதப் போற?"

காளியம்மன் கோயிலுக்குப் போனோம். பூசாரி பொட்டலங்களைக் கொண்டுவந்து வைத்தார். நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "எதம்மா எடுக்க?" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் அத்தை, "அவகிட்ட ஏன் கேக்குற? ஒனக்கு எது தோணுதோ அத எடு தாயி" என்றார். எடுத்தாய். செவ்வரளி. வீட்டுக்குத் திரும்பும் வழியில் நீ மெதுவாக, "நான் மாத்தி எடுத்துட்டேனாம்மா?" என்று கேட்டாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அதையே பதில் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி உனக்குத் தெரியாதது. பூசாரி பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது நானும் கண்ணை மூடி வேண்டிக்கொண்டு நின்றேன். பார்த்தவர்கள், பாவம், வெள்ளை வரட்டும் என்று வேண்டுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். நான் வேண்டியது, "தாயே, சிவப்பு வரட்டும்" என்று. இலையைப் பிரித்துச் சிவப்பைப் பார்த்ததும் என் உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது. அன்று முற்றத்தில் உட்கார்ந்து அழுதேன். அழுகை உண்மை, காரணம்தான் பொய். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து, "ஒனக்கு எழுதி வச்சது அம்புட்டுதேன், விடு" என்று தேற்றினார்கள். அந்தத் தேற்றல் எனக்குப் பிடித்திருந்தது. படிக்க ஆசைப்பட்டு விதி குறுக்கே வந்த பெண் என்று ஒரு இடம் கிடைத்தது. அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது தேர்வு மண்டபத்தில் உட்காருவதைவிட எவ்வளவோ வசதியாக இருந்தது.

ஆனால் விதிக்கு ஒரு கை வேண்டியிருந்தது. அது உன்னுடையதாகப் போயிற்று. "புள்ள கையி அப்பிடி, நாமென்ன பண்றது" என்று உன் அத்தை யாரிடமோ சொன்னது தெரு முழுக்கப் போய்விட்டது. அந்த வருடம் விதைநெல்லை முதல் பிடி அள்ளிக் கொடுக்க உன்னைக் கூப்பிடவில்லை. சித்தப்பா கல்யாணத்தில் ஆரத்தித் தட்டை உன்னிடமிருந்து வாங்கி வேறு பிள்ளையிடம் கொடுத்தார்கள். யாரும் உன்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. விலக்கி வைத்தார்கள், அவ்வளவுதான். நல்ல காரியம் நடக்கும் இடங்களில் நீ இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கத் தொடங்கினாய். அதைப் பார்த்த பிறகும் நான் பேசவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஒரு பாடக் கட்டில்தான் என் கதை திரும்பியது. தேர்வு எழுதாவிட்டாலும் கட்டிய கட்டணத்துக்குப் பாடங்கள் வந்துகொண்டே இருந்தன. அதில் ஒரு பயிற்சி: ஒன்றுபோலத் தோன்றும் சொற்களுக்கு உள்ள வித்தியாசத்தைச் சொல்லி, ஒவ்வொன்றையும் வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தார்கள். முதல் தொகுதியில் விதியைக் குறிக்கும் சொற்கள், அடுத்ததில் பயத்தைக் குறிக்கும் சொற்கள். நான் கோடு போட்ட நோட்டின் நடுவில் ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் விதி, வலப்பக்கம் பயம் என்று தலைப்பிட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் அகராதி. முன்னால் முறத்தில் புடைக்க வேண்டிய உளுந்து.

நாம் எல்லாவற்றையும் விதி, தலையெழுத்து என்று ஒரே பானையில் போட்டுவிடுகிறோம். ஆங்கிலக்காரர்கள் அதைத் தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்திருக்கிறார்கள். லாட் என்று ஒரு சொல். பங்கு பிரிக்கும்போது சீட்டுக் குலுக்கிப் போட்டு உன் பெயருக்கு விழுவது. உன் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நிலம் பிரித்தபோது அப்பா சீட்டில் உப்புப் பூத்த களர்நிலம் விழுந்ததே, அது லாட். விழுந்தது விழுந்ததுதான், ஆனால் அங்கே என்ன செய்வது என்பது அவரிடம் விடப்பட்டிருக்கிறது. அவர் தென்னை வைத்தார். டூம் என்பது அப்படி இல்லை. தீர்ப்பு ஆகிவிட்டது, நிறைவேற்றம்தான் பாக்கி. சின்னமனூர் போகும் சாலையை அகலப்படுத்த ஒரு புளியமரத்துக்குச் சுண்ணாம்பில் நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த மரம் நம்பரோடு நின்று அந்த வருடமும் பூத்தது. அதை எழுதினேன். டெஸ்டினி என்பது போய்ச் சேரும் இடத்தைப் பார்க்கிற சொல். அதைச் சொல்கிறவர்கள் தலை நிமிர்ந்திருப்பார்கள். அதற்கு என்னிடம் வாக்கியம் இல்லை, வெற்றாக விட்டேன். மிச்சம் இருந்தது ஃபேட். நீ என்ன செய்தாலும், என்ன செய்யாவிட்டாலும், நடக்கப்போவது மாறாது என்றால் அது ஃபேட் என்று அகராதி சொன்னது. இதற்கு யோசிக்கவே வேண்டாமே என்று நினைத்தேன். "பூ சிவப்பாக வந்ததால் என்னால் தேர்வுக்குப் போக முடியவில்லை" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். நல்ல வாக்கியமாகக்கூட இருந்தது.

பிறகு வலப்பக்கம். ஃபியர்: வைக்கோல் போரில் கை விடும்போது பாம்புச் சட்டையைப் பார்த்துக் கையை இழுத்துக்கொள்வது. அது நல்லது, உயிரைக் காப்பது. ஃபிரைட்: முதுகுக்குப் பின்னால் தென்னமட்டை விழுவது. தூக்கிவாரிப் போடும்; அடுத்த நிமிடம் நாமே சிரிப்போம். பேனிக்: ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று ஒருத்தி கத்தியதும் துவைக்க வந்தவர்கள் எல்லாரும் துணியை விட்டுவிட்டு ஓடியது. தண்ணீர் ஏறியது முக்கால் சாண். ஆங்ஸைட்டி: எதற்கு என்றே தெரியாமல் மனசுக்குள் எறும்பு ஊர்வது. அடுத்தது டிரெட். இதற்கு அகராதியில் இருந்த விளக்கத்தைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்துவிட்டேன். வரப்போவது இன்னது என்று தெரியும். அது எந்த நாளில் வரும் என்றும் தெரியும். அது வராமல் போக ஏதாவது ஒன்று குறுக்கே வராதா என்று மனசு ஏங்கும். அந்தப் பயம்தான் டிரெட்.

நான் இடப்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். என்ன செய்தாலும் மாறாதது என்றால், சிவப்புப் பூ வந்த மறுநாள் நான் பஸ் ஏறியிருந்தால் என்ன நடந்திருக்கும்? பஸ் உசிலம்பட்டி வழியாக மதுரைக்குப் போயிருக்கும். நான் இறங்கியிருப்பேன். கேள்வித்தாளைக் கொடுத்திருப்பார்கள். பூவுக்கு அந்த பஸ்ஸை நிறுத்தும் சக்தி இல்லை. நிறுத்தியவள் நான். பத்து வருடம் கழித்து ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து எழுத முடியுமா என்று நடுங்கினேன். தோற்றுவிட்டால், "இதுக்குத்தேன் மூணு வருசமா காகிதத்தக் கட்டிக்கிட்டு அழுதியா" என்று கேட்பார்களே என்று நடுங்கினேன். அந்த நடுக்கத்துக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டேன். ஏன் தெரியுமா? பயந்தேன் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். விதி என்று சொன்னால் ஊர் சேர்ந்து அழும். நான் அந்த வாக்கியத்தின் மேல் ஒரு கோடு போட்டேன். வலப்பக்கம் டிரெட்டுக்கு எதிரே அதைத் திருத்தி எழுதினேன்: "தேர்வுக்குப் போகப் பயந்ததால், பூ சிவப்பாக வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்." என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் உண்மையான ஆங்கில வாக்கியம் அதுதான். உளுந்து அப்படியே கிடந்தது.

பயத்துக்குச் சரியான பெயர் தெரிந்துவிட்டால் அது போய்விடும் என்று உனக்கு நான் சொல்லமாட்டேன். அது போகவில்லை. ஆனால் அதன் அளவு தெரிந்துவிட்டது. விதி என்றால் அது வானம் அளவு. அதோடு யார் சண்டை போடுவது? பயம் என்றால் அது என் அளவுதான். என் உயரம், என் எடை. அடுத்த வருடம் மறுபடி பணம் கட்டினேன். புறப்படுவதற்கு முதல்நாள் அடுக்களையில் உன் அத்தை என்னை மடக்கினார்.

"என்ன, கோயிலுக்குப் போகலையா?"

"போகலை மதினி."

"பூக்கட்டாமயா போகப் போற?"

"ஆமா. செவப்பு வந்தாலும் போகத்தேன் போறேன். பெறகு எதுக்கு ஆத்தாளத் தொந்தரவு பண்ணிக்கிட்டு?"

"ஏத்தா, ஒனக்குப் பயமே இல்லையா?"

"இருக்கு மதினி. அந்தா பாருங்க, ரசத்துக்கு ரெண்டு தடவ உப்பப் போட்டுட்டேன்."

அத்தை ரசத்தை ருசி பார்த்து முகத்தைச் சுளித்தார். "நல்லாத்தேன் படிச்ச நீ" என்று சொல்லிவிட்டு, அதில் இன்னொரு செம்பு தண்ணீரை ஊற்றினார்.

மதுரையில் பத்து நாள் எழுதினேன். ஃபேட்டும் டிரெட்டும் கேள்வித்தாளில் வரவே இல்லை. நகராட்சிக்குக் குடிநீர் கேட்டுக் கடிதம் எழுதச் சொன்னார்கள். நம் தெருக் குழாயை நினைத்துக்கொண்டு நன்றாகவே எழுதினேன். முடிவு பேப்பரில் வந்த அன்று உன் அப்பா உத்தமபாளையம் போய் நூலகத்தில் பார்த்துவிட்டு வந்தார். தெருமுனையிலிருந்தே சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு வந்தார். கோழியெல்லாம் சிதறி ஓடியது. "நம்பர் இருக்கு புள்ள! நம்பர் இருக்கு!" மூன்று தடவை சொல்லிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, "ரெண்டாங் கிளாசு" என்றார், ஏதோ முதல் வகுப்பைவிட அது உசத்தி என்பதுபோல. நீ என் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தாய். இன்று டுடோரியலில் பத்தாம் வகுப்பில் தவறிய முப்பது பேருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால் அந்தச் சைக்கிள் மணியிலிருந்து கிளம்பியதுதான் அது.

அந்த நாளிலாவது நான் உன் கையைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. இது என் இரண்டாவது தப்பு. முதல் தப்பைவிட மோசமானது. முதல் தடவை பயந்து பேசாமல் இருந்தேன். இந்தத் தடவை சந்தோஷத்தில் பேசாமல் இருந்தேன். நான் ஜெயித்துவிட்டேன், பழையது எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். தானாக ஒன்றும் சரியாகவில்லை. நான் பட்டம் வாங்கியது என் சாமர்த்தியம் ஆயிற்று. நீ சிவப்பு எடுத்தது உன் கையின் குணமாகவே நின்றது.

பிறகு போன தைமாதம். ஈனும் நேரத்தில் செவலைப் பசுவின் வயிற்றுக்குள் கன்று மாறிக் கிடந்தது. காலையிலிருந்து அது முக்கி முக்கிக் களைத்துப் படுத்துவிட்டது. மாட்டு டாக்டர் கூடலூர்ப் பக்கம் முகாம் போயிருந்தார். மாடு பார்க்கிற முத்தையாவைக் கூட்டிவந்தோம். அவர் கையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தார். "முன்னங்காலு மடங்கிக் கெடக்கு. என் கையி முரட்டுக் கையி, திருப்ப எடம் பத்தல. சின்னக் கையா யாராச்சும் வாங்க, சுருக்கா!" நீ சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிக்கொண்டு ஏற்கெனவே எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாய்.

"அடியே, இவ வேணாம்!" என்று அத்தை கத்தினார். "இவ கையி வேணாம். வேற ஆளக் கூப்புடுங்க."

"வேற ஆளு வாரதுக்குள்ள மாடு செத்துப் போகும் அத்தை" என்றாய் நீ. அவ்வளவு நிதானமான குரலில் நீ பேசி நான் கேட்டதில்லை.

"குளம்பு தட்டுதா தாயி?" என்று முத்தையா கேட்டார். "தட்டுது." "அதக் குழிஞ்ச கையில மூடிக்க. கிழிச்சிரக் கூடாது. மாடு முக்குறப்ப சும்மா இரு. விட்டதும் இழு." நீ கண்ணை மூடிக்கொண்டாய். உன் கன்னம் மாட்டின் பின்தொடையோடு ஒட்டிக்கிடந்தது. பயச் சொற்களின் பட்டியலில் கடைசியாக ‘ஆ’ (awe) என்று ஒன்று இருந்தது. வாயை ஆ என்று திறந்துதான் அதை உச்சரிக்கவே முடியும். நம்மைவிடப் பெரிதாக ஒன்று கண்முன் நடக்கும்போது, நடுக்கமும் ஆச்சரியமும் பிரிக்க முடியாமல் வருகிற பயம் அது. அதற்கு வாக்கியம் எழுத எனக்குத் தெரியாமல் இத்தனை வருடம் விட்டு வைத்திருந்தேன். அன்று தொழுவத்து வாசலில் நின்றபோது தெரிந்தது. கால் வந்தது, பிறகு மூக்கு, பிறகு மொத்தமாக வழுக்கிக்கொண்டு கிடேரிக் கன்று உன் மடியில் விழுந்தது. முத்தையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இந்தக் கைய வச்சுக்கிட்டு வீட்டுல சும்மாவா இருக்க?" என்றார். நீ கால்நடைக் கல்லூரிக்கு மனுப் போட்டது அந்த வார்த்தையால்தான் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் உன் அத்தை என்ன சொன்னார், நினைவிருக்கிறதா? "நல்ல நேரத்துல பொறந்துருக்கு, அதேன் பொழச்சுச்சு" என்றார். உன் கை அப்போதும் தப்பிக்கவில்லை! நீ மாடு மாடாகக் காப்பாற்றினாலும் நேரம்தான் பேர் வாங்கும், ஒன்று செத்தால் உன் கைதான் பேர் வாங்கும் என்று அன்று எனக்கு விளங்கியது. அதை நீ செய்து காட்டி அழிக்க முடியாது. கட்டியவள்தான் அவிழ்க்க வேண்டும்.

நீ புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, தைக்கக் கொடுத்த துணியை வாங்கச் சின்னமனூர் போயிருந்தாயே, அப்போது அத்தை சித்தப்பாவின் சின்ன மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். "மெட்ராசுக்கு அனுப்புறோம். பூக்கட்டிப் பாத்துருவோம். இந்தப் பய எடுக்கட்டும், இவன் நல்ல கையி." கூடத்தில் அப்பா இருந்தார், சித்தப்பா இருந்தார், சித்தி இருந்தாள். நான் எழுந்து நின்றேன். பயந்துகொண்டேதான். அதற்கு எந்தச் சொல் என்று அந்த நேரத்திலும் மனசு தேடியது, பார்த்துக்கொள்.

"மதினி, அன்னிக்கு நான் பரிச்சைக்குப் போகாதது அவ கையினால இல்ல. செவப்பு வரணும்னு வேண்டுனதே நான்தேன். எனக்குப் பயம். பூ வெள்ளையா வந்திருந்தாலும் காய்ச்சல்னு சொல்லிப் படுத்திருப்பேன். பழிய எட்டு வயசுப் புள்ள கையில போட்டுட்டு ஒம்போது வருசமா ஊமையா இருந்துட்டேன்."

சித்தி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். உன் அப்பா மட்டும், "இத அன்னிக்கே சொல்லியிருந்தா பஸ்ஸுக்கு நானும் கூட வந்திருப்பேனே புள்ள" என்றார். எனக்கு அழுகை வந்தது அதற்குத்தான். அத்தை குழந்தையைக் கீழே இறக்கிவிட்டார். கோபமாக ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"எங் கல்யாணத்துக்கும் பூக்கட்டிப் பாத்தாக" என்றார். "எனக்கு வெள்ளப் பூதேன் வந்துச்சு. பளிச்சுன்னு, மல்லியப்பூ கணக்கா. ரெண்டே வருசம்." அவருடைய கணவர் செத்தது எனக்குத் தெரியும், இது தெரியாது. "அப்பொறம் ஏன் மதினி இன்னமும் கட்டிப் பாக்குறீக?" என்று கேட்டேன். அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பின்ன? ஒன்னய மாதிரி பொஸ்தகமா இருக்கு எனக்கு? யாருகிட்டப் போயி கேக்குறது, சொல்லு." அந்த வீட்டில் பயந்துகொண்டே பயத்தை மறைத்தவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பூக்கட்டவில்லை. அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

மறுநாள் அவரிடம் தனியாக ஒன்று கேட்டேன். வீட்டில் யாராவது நல்ல காரியத்துக்குப் புறப்பட்டால் அத்தை தொழுவத்துப் பக்கம் போய் நின்றுகொள்வார். புறப்படுகிறவர் தெரு தாண்டிய பிறகுதான் வெளியே வருவார். தாலி இழந்தவள் எதிரே வரக்கூடாது என்று யாரும் அவரிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை; அவராகவே போய்விடுவார். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதற்கும் வாய் திறந்ததில்லை. "நாளைக்கு எம் மக புறப்படுறப்ப நீங்க எதுத்தாப்புல வரணும் மதினி" என்றேன். "எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று எழுந்து போய்விட்டார். சாயங்காலம் திரும்பி வந்து, "தண்ணிக் கொடத்தோட வரவா, வெறுங்கையோடவா?" என்று கேட்டார்.

அதனால்தான், நீ பெட்டியோடு வாசல் இறங்கியபோது அத்தை நிறைகுடத்தோடு தெருவில் நேர் எதிரே நடந்து வந்தார். நீ திடுக்கிட்டு என்னைப் பார்த்தாய். பிறகு ஒன்றும் கேட்காமல் போய், உன் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாய். குடம் தளும்பி உன் புதுத் தாவணி நனைந்தது. எதிர்வீட்டுச் சன்னலில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதை நீ கவனித்திருக்கமாட்டாய். நான் கவனித்தேன். அவர்களைப் பார்த்து நன்றாகச் சிரித்தேன்.

நீயும் அப்பாவும் போன பிறகு நான்கு நாள் அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவார். அந்த நான்கு நாளும் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், அதற்கு என்ன பெயர் என்றும் தெரியும். அப்பா திரும்பி வருவதற்கு முன்பே, சுகமாகச் சேர்ந்தாய், இடம் கிடைத்தது, முதல் நாள் வகுப்புக்குப் போனாய் என்று உன் கார்டு வந்தது. நான் படித்துக்காட்டினேன். மறுபடி படிக்கச் சொன்னார். மூன்றாம் தடவை படிப்பதற்குள் கார்டை என் கையிலிருந்து வாங்கி மடியில் செருகிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். நான் வாசலில் நின்று கேட்டேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, தனக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் அந்தக் கார்டை விரித்துப் பிடித்துக்கொண்டு, தெருக்கோடிவரை கேட்கும்படி அவர் சொல்லிக்கொண்டே போனார்: "எங்க புள்ள நல்லபடியா போயிச் சேந்துட்டா. நான்தேன் எதுத்து வந்தேன்!"